இறங்காத அரைக் கட்டை

ஆரோக்கியம் அண்ணன் தொகையறாவை இழுத்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். வலது கையில் மைக். இடது கை முதுகுக்குப் பின்னால். கூட்டத்துக்குத் தெரியாமல் ஆள்காட்டி விரலை மட்டும் கீழ்நோக்கி ஆட்டினார்.

சுருதி இறங்கிவிட்டதா என்று கேட்கிறார்.

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

பாட்டு தொடங்குவதற்கு முன் தாளமில்லாமல் பாடுகிற சில வரிகள்தான் தொகையறா. அதை அவர் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். திருவொற்றியூரில் ஒரு சின்ன அந்தோணியார் கெபி, குகை மாதிரி கட்டிய வழிபாட்டிடம். திருவிழா மேடை. மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய சீரியல் பல்பு. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் கருவாட்டு வாடையும் ஏதோ ஆலையின் புளித்த வாடையும் கலந்திருந்தன. என் விரல்களுக்கடியில் ஆர்கன் ஒரே சுருதியில் நின்றது, ஆணி அடித்த மாதிரி. அந்த மேடையில், அந்த நேரத்தில், அது அவ்வளவு சுத்தமாக நின்று நான் கேட்டதேயில்லை.

இப்போதெல்லாம் என் ஆர்கன் அந்தப் பக்கத்தில் எங்கே வாசித்தாலும் சுருதி பிசகுவதில்லை. கேட்கிறவர்கள் மெச்சுகிறார்கள். நான் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

மீன்பாடி வண்டியில் வந்த இத்தாலிக்காரி

கோயில் பெடல் ஆர்மோனியத்தில் கால் மரத்துப்போக நான் பழகிய கதையை இந்தத் தொடரில் போன வாரம் படித்துவிட்டு, "மீசை இப்பத்தான் ஒழுங்கா முளைச்சிருக்கு, அதுக்குள்ள என்னடா நினைவுக் குறிப்பு?" என்று கல்லூரித் தோழன் ஒருவன் கேட்டான். மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன் என்றேன். எனக்கு எதிலும் அவசரம்தான்.

அந்த அவசரத்தில்தான் ஆர்கனும் வீட்டுக்கு வந்தது. ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி டெரிக் அங்கிள் என்று ஓர் ஆங்கிலோ இந்தியர் இருந்தார். ரயில்வே உத்தியோகம். சனிக்கிழமை டான்ஸ்களில் ஆர்கன் வாசிப்பவர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுமுன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு ஓர் ஆள் வந்தார். நாயை எதிர்வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆர்கனுக்கு நான் போய் நின்றேன்.

இத்தாலியில் செய்தது. சிவப்பு ரெக்சின் ஒட்டிய உடம்பு. கால்களைத் திருகிக் கழற்றி மூடியைப் போட்டால் பெரிய சூட்கேஸ். மேலே வரிசையாக வண்ணச் சுவிட்சுகள். ஒன்றை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றை அமுக்கினால் வயலின் என்று எழுதியிருந்தது. இரண்டும் ஜலதோஷம் பிடித்த ஒரே ஆளின் மூக்கிலிருந்துதான் வந்தன. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. காலால் மிதிக்க வேண்டாம், காற்றடிக்க வேண்டாம். பிளக்கைச் செருகி விரலை வைத்தால் எடுக்கும்வரை பாடும். நான் அதற்கு முன் அப்படியொரு சொன்னபடி கேட்கிற பொருளைத் தொட்டதில்லை.

தூக்கிக்கொண்டு வர மீன்பாடி வண்டிதான் கிடைத்தது. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டக் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவரும் மூன்று சக்கர வண்டி. இன்றைக்கும் மழைநாளில் மூடியைத் திறந்தால் மத்தி வாடை அடிக்கும்.

வண்டி கிளம்பும்போது டெரிக் அங்கிள் ஆர்கனின் தோளில் தட்டிச் சொன்னார்: "உள்ளே ஒரு பார்ட் எரிஞ்சுபோச்சு மேன். ஏதோ கிடைச்ச பார்ட் போட்டு ஓட்டறேன். கரன்ட் எறங்கினா இவளும் எறங்குவா. சண்டை போடாதே."

கரன்ட் குறைந்தால் பல்பு மங்கும். அது எல்லோருக்கும் தெரிந்தது. என் ஆர்கனுக்குச் சுருதியே இறங்கிவிடும். ஒரு கட்டை மட்டும் இறங்கினால் அதை விட்டுவிட்டு வாசிக்கலாம். எல்லாக் கட்டைகளும் கூடிப் பேசிக்கொண்ட மாதிரி ஒரே அளவு இறங்கும்.

சங்குக்கு முன், சங்குக்குப் பின்

எங்கள் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர் ஆரோக்கியம் அண்ணன். நாற்பதைத் தாண்டியவர். திருவொற்றியூரில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் உலைக்காரர். பழைய இரும்பைக் கொட்டி மின்சாரத்திலேயே உருக்குகிற ராட்சச உலை அது. கித்தார், கொருக்குப்பேட்டை மோகன். பகலில் கூட்ஸ் ஷெட்டில் வேலை. விரல் நுனியெல்லாம் காய்ப்பு, அதனால் நரம்பு அவனை அறுக்காது.

சாமான்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று. சூடேறிக் குரல் கொடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். மேடைக்கு இரண்டு பக்கமும் மைக்செட்காரரின் குழாய் ஸ்பீக்கர்கள். மைக் ஷாக்கடிக்கும். அதனால் அண்ணன் அதன் கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றி, காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டுதான் பாடுவார். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

திருவொற்றியூர் வட்டாரத்தில் நாங்கள் வாசித்த முதல் கச்சேரியில் பாட்டின் நடுவே என் ஆர்கன் வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. கித்தார் மேலே நிற்கிறது, ஆர்கன் கீழே கிடக்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது.

"இன்னாடா பெஞ்சி, உன் பொட்டி மயக்கம் போட்டுகினு கீது" என்றான் மோகன். என் பெயர் பெஞ்சமின்.

அண்ணன் மட்டும் சிரித்தார். "மயக்கம் இல்லடா. எங்க பர்னஸு. ஏழு மணி சங்கு கேக்கல? நைட் ஷிப்டு இரும்பக் கொட்டி சார்ஜ் ஏத்திட்டானுங்க."

அண்ணாந்து பார்த்தேன். சீரியல் பல்புகளெல்லாம் மஞ்சளாகச் சோர்ந்திருந்தன. எங்கள் மேடைக்கும் அந்த ஆலைக்கும் எந்தக் கம்பியில் உறவு என்று பௌதிகம் படித்த எனக்கே விளங்கவில்லை. ஆனால் அங்கே உலை எரிந்தால் இங்கே பல்பு மங்கும். பல்பு மங்கினால் என் ஆர்கன் அரைக் கட்டை இறங்கும்.

நாளடைவில் அதுவே எங்கள் முறையாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் கச்சேரி என்றால் பாட்டுகளைச் சங்குக்கு முன், சங்குக்குப் பின் என்று பிரித்துவிடுவோம். சங்கு ஊதியதும் மோகன் கித்தார் நரம்புகளை அரைக் கட்டை தளர்த்துவான். காதுகூடக் கொடுக்கமாட்டான், கை தானாகத் திருகும். அதற்குள் அண்ணன் என் ஆர்கனை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தொகையறாவை எடுப்பார். அது முடிவதற்குள் ஆர்கன் மெல்லப் படியிறங்கும். அண்ணனின் குரலும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கும். பல்லவிக்கு மோகன் வந்து சேரும்போது மூவரும் ஒரே இடத்தில் நிற்போம்.

உச்சத்தில் பாடுகிற பாட்டெல்லாம் சங்குக்குப் பின்தான். ஏனென்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. வருஷக்கணக்காக உலை வாயில் நின்று அண்ணனின் தொண்டை வறண்டிருந்தது. மேலே போனால் கிழியும். அந்த அரைக் கட்டை குறைந்தால் கிழியாது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் ஒத்திகையில் கேட்டுவிட்டேன். "அண்ணே, ஆர்கன்ல பக்கத்துக் கட்டைலேர்ந்து ஆரம்பிச்சா அரைக் கட்டை கம்மி. எந்த ஊர்லயும் சௌகரியமா பாடலாமே."

அவர் முகம் சிறுத்துவிட்டது.

"தோ பாரு நைனா. ரெகார்டுல இன்னா சுருதியோ அதான் நம்ம சுருதி. எறக்கிப் பாடறவன் பாட்டுக்காரன் இல்ல. கரன்டு எறக்குனா அது கரன்டோட தப்பு. நீ எறக்குனா அது என் தப்பு."

"அப்ப பர்னஸு செய்ற தப்புலதான் நீ பொயக்கிறேன்னு சொல்லு" என்றான் மோகன்.

"ஆமாண்டா. பகல்ல சோறு போடுது, சாய்ங்காலம் சுருதி போடுது. உனக்கு இன்னா பேஜாரு?"

ஆனாலும் ரேடியோக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்து, எரிந்துபோன பார்ட்டுக்குச் சரியான ஜோடியை நான் கண்டுபிடித்துவிட்டேன். அதைப் பொருத்தினால் கரன்ட் எப்படி ஆடினாலும் ஆர்கன் ஆடாது. உள்ளங்கையில் வைத்து அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். உளுந்து அளவுதான் இருக்கும்.

"ஷோக்கா கீது" என்றார். "அத்த உள்ள போட்டே, நான் மேடைக்கு வரமாட்டேன்."

தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். இன்னும் தீப்பெட்டியில்தான் இருக்கிறது.

கப்பல்காரனின் சக்கரம்

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலுமிகள் வந்து தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அங்கே ஒருமுறை ஐரோப்பியக் கப்பல்காரன் ஒருவன் சிந்தசைஸர் வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து உள்ளே போனேன். அதுவரை பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்த்த சாமான்.

பாதிப் பெட்டி முழுக்கக் குமிழ்கள். எத்தனை கட்டையை அமுக்கினாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். ஆனால் அந்த ஒரு சுரம் துறைமுக இழுவைப் படகு ஊதுவது போல அடிவயிற்றில் வந்து இடித்தது. இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். கப்பல்காரன் அதை உருட்டிக் காட்டினான். சுரம் வழுக்கி இறங்கியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகைமேல் நின்று அண்ணன் தொகையறா பாடும்போது என் விரலுக்கடியில் எத்தனையோ சாயங்காலம் நடந்த அதே வழுக்கல். நம்ம ஊரில் ஓசியில் நடக்கிறதை வெளிநாட்டில் சக்கரம் வைத்துச் செய்திருக்கிறான்.

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எவ்வளவு பெரிய சக்கரம் என்று கேட்டார். விரலால் காட்டினேன்.

"எங்க பர்னஸு இன்னா சைஸு தெரியுமா? உன் வூடு உள்ள போவும். அந்தச் சக்கரத்த அதுல போட்டா ஆவியா பூடும்."

அவர் உலையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் பேச்சு இப்படித்தான் முடியும்.

கரியில்லாத சட்டை

அந்த வருஷம் மழைக்கு முன்னால் உலை நின்றது. பழுது என்றார்கள். பிறகு ஆர்டர் இல்லை என்றார்கள். வேறு ஊருக்கு எடுத்துப் போகப் போகிறார்கள் என்றார்கள். ஆட்கள் தினமும் ஆலை கேட்டுக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குக் காரியரைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினார்கள்.

திருவொற்றியூரில் நடக்கும் ஒத்திகைக்கு அண்ணன் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் கரியில்லை, நகத்தில் கரியில்லை. யாரோ விருந்தாளி மாதிரி இருந்தார். சங்கு ஊதாத அந்த வாரங்களில் ஆர்கன் இறங்கவேயில்லை. உச்சப் பாட்டை எடுப்பார்; பாதியில் குரல் கிழியும். சளி என்பார். பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொள்வார். நான் ஆர்கனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டை என்று வாயெடுக்க எனக்குத் துணிவில்லை.

அவர் மனைவி மேரி அக்காவை ஒருநாள் மீன் மார்க்கெட்டில் பார்த்தேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நாள் பூரா பாடிகினே கீறாரு தம்பி. பாடிகினு இருந்தா யாரான்டயும் பேச வேணாம் பாரு."

பிறகு ஒரு நல்ல செய்தி வந்தது. கெபித் திருவிழா அன்று நைட் ஷிப்டுக்கு உலையை மூட்டப் போகிறார்கள். முதல் செட் ஆட்கள் ஏழு மணிக்கு வரவேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டில் வந்து சொன்னாராம். அண்ணனுக்கு மறுநாள் பகல் ஷிப்ட். செய்தி வந்த அன்றைக்கு அவர் ஒத்திகையில் ஒரு பாட்டும் பாடவில்லை. மோகனின் முதுகில் மட்டும் காரணமில்லாமல் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாமு, என் முதுகு இன்னா டிரம்ஸா?" என்றான் மோகன்.

பல்புகள்

திருவிழா அன்று, பொழுது சாய்கிற நேரத்தில் முதல் செட் ஆட்கள் மேடையைத் தாண்டித்தான் ஆலைக்குப் போனார்கள். கையில் காரியர். சிலர் புதுச் சட்டையிலேயே வந்திருந்தார்கள். ஒருவர் நின்று மேடையைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, நாங்க போய் மூட்டிடறோம். நீ அந்தப் பாட்ட எடு."

எந்தப் பாட்டு என்று கேட்க வேண்டியதில்லை. எங்களிடம் இருந்ததிலேயே உயரமானது. உலை நின்றதிலிருந்து எந்த மேடையிலும் பாடாதது.

சங்குக்கு முன் பாடவேண்டியதையெல்லாம் பாடி முடித்தோம். ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. வாரக்கணக்கில் கேட்காத சங்கு. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பின்னாலிருந்து விசில் பறந்தது. அண்ணன் கைக்குட்டை சுற்றிய மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"கேட்டுச்சா? இனிமே நம்ம டைமு" என்றார்.

மோகனின் கை தானாகப் போய் நரம்புகளைத் தளர்த்தியது. அண்ணன் தொகையறாவை எடுத்தார். நான் சுருதியைப் பிடித்துக்கொண்டு, அது என் விரலுக்கடியில் வழுக்கப்போகிற அந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன்.

இறங்கவில்லை.

அண்ணன் அடுத்த வரிக்குப் போனார். இறங்கவில்லை. திரும்ப முதல் வரிக்கு வந்தார். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் விரலை ஆட்டி என்னைக் கேட்டது. நான் தலையாட்டியதும் மறுபடி சுற்றினார். உலைக்குள் இரும்பைக் கொட்ட நேரமாகும் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். பல்புகள் பளபளவென்று எரிந்தன. பாயில் உட்கார்ந்திருந்த மேரி அக்காவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலிருந்த பெண்ணும் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில். பேச்சு ஒவ்வொரு பாயாக அணைந்தது. மங்காத பல்புக்கு அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிரம்ஸ்காரர் எண்ணூர்க்காரர், புதியவர். இதற்கு மேல் பொறுக்கமுடியாமல் தாளத்தைத் தொடங்கிவிட்டார். மோகனும் பழக்கத்தில் கித்தாரை மீட்டினான். ஆர்கன் மேலே, கித்தார் கீழே. இரண்டும் மோதிய சத்தத்தில் குழாய் ஸ்பீக்கர் நாய் கத்துவது போலக் கத்தியது.

"பொட்டி பூட்ச்சு டோய்" என்று ஓரத்திலிருந்து யாரோ கத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மோகன் நரம்புகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.  எரியாத உலைக்கு அவன் சுருதி வைத்திருந்தான்.

அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"எறங்கலயா?"

"இல்லண்ணே."

"சில நாளு லேட்டா எறங்கும்."

"பல்பப் பாருங்கண்ணே."

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. மேரி அக்காவைத்தான் பார்த்தார். அக்கா பல்பிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பலகையை விட்டு இறங்கி வந்திருந்ததால் மைக் அவருக்கு ஷாக்கடித்திருக்க வேண்டும்; கை வெட்டியது. விடவில்லை.

"நீ எறக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பக்கத்துக் கட்டைக்குப் போடா. நீயே எறக்கு."

போனேன். வெள்ளையில் பழகிய விரல்கள் கறுப்பில் தடுமாறின. இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டன. மோகனின் கித்தார் வந்து கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணன் பலகைமேல் ஏறி நின்று பல்லவியை எடுத்தார்.

உச்சத்துக்குப் போனார். கிழியவில்லை. அவ்வளவு முழுசாக அவர் பாடி நான் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் நம்பினால் அந்தப் பாட்டு நடந்த நேரம் முழுக்க உலை எரிந்தது, நைட் ஷிப்ட் ஓடியது, இரும்பு உருகியது. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசித்தேன்.

இரண்டாவது சரணத்தில் திறந்தபோது கடைசி வரிசைக்குப் பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். கையில் அதே காரியர். போனபோது பேசிக்கொண்டு போனவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பாயிலிருந்த பெண்களில் யாரும் எழுந்து போய் எதுவும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை. ஆம்ப்ளிஃபையரின் உறுமல் மட்டும் கேட்டது.

சாயங்காலம் அந்தப் பாட்டை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனவர்தான் முதலில் வாயைத் திறந்தார். மேடையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கேட்ட பூட்டிட்டானுங்கண்ணே. உள்ள வாட்ச்மேன் மட்டுந்தான் கீறாரு. இன்னிக்கி ஏழு மணிக்கு சங்கு ஊதணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்களாம், ஊதினாராம்."

 அண்ணன் மைக்கின் கழுத்திலிருந்து கைக்குட்டையை அவிழ்த்தார். முகத்தைத் துடைத்தார். மடித்து மறுபடி சுற்றத் தொடங்கினார். முடிச்சு நழுவிக்கொண்டேயிருந்தது. மோகன் போய்க் கட்டிவிட்டான்.

கூட்டம் கலையுமென்று நினைத்துச் சுவிட்சின் மேல் கை வைத்தேன். பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது.

"இன்னொன்னு பாடுண்ணே. வூட்டுக்குப் போய் இன்னா பண்றது."

சொன்னவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். காரியரை மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.  வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"எந்தச் சுருதிண்ணே?"

"இப்ப எறக்குனியே" என்றார். "அங்கயே இரு."